கல்வெட்டுப் படங்களைக் கிளவுடில் வைத்தால் முழுத் தெளிவுத்திறன் நிலைக்குமா?

கேள்வி – சுவரெழுத்து

வணக்கம். விடுமுறை நாட்களில் கோயில்களுக்குச் சென்று கல்வெட்டுகளைப் படம் எடுத்து வந்து, கணினித் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக வாசித்துப் பழகும் சிறு குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். அண்மையில் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், குடவோலை முறையை விவரித்துப் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் உள்ள கோயில் அது. சுவரின் பெரும்பகுதி ஒரே படத்தில் அடங்கும்படி தள்ளி நின்றும், சில வரிகளை மட்டும் நெருங்கி நின்றும் எடுத்தேன். என் ஆண்ட்ராய்டு போனில் 50 மெகாபிக்சல் நிலையை வைத்து எடுத்ததால், ஒவ்வொரு படமும் 8,160க்கு 6,144 பிக்சல் அளவில், ஏறத்தாழ 15 எம்.பி. கொண்டதாக இருக்கிறது.

போனில் இடம் தீர்ந்துகொண்டு வருகிறது. படங்கள் எல்லாம் கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆகிவிட்டதாகக் காட்டுகிறது. இடத்தைக் காலி செய்யும் பொத்தானை அழுத்தினால், போனில் உள்ள பிரதிகள் நீங்கிவிடும் என்பதும் தெரியும். அதை அழுத்துவதற்கு முன்பாக ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறேன். கிளவுடில் போய்ச் சேர்ந்திருப்பது நான் எடுத்த அதே கோப்புதானா, அல்லது பார்ப்பதற்கு அதைப் போலவே தோன்றும் சிறிய பிரதியா?

போன் திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் எங்கள் வேலையில் அந்த வேறுபாடு பொருட்படுத்தத்தக்கது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. அரிதாக ஓரிடத்தில் புள்ளி போன்ற ஒன்று தென்பட்டால், அது சிற்றுளி இட்ட குழியா, கல் தானாகப் பொரிந்த இடமா என்பதை, அதன் விளிம்பைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் ஓரளவுக்காவது ஊகிக்க முடிகிறது.

எங்கள் குழுவில் ஐபோன் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், ஐகிளவுடில் இந்தக் கவலையே வேண்டாம் என்கிறார். எனினும் அவருடைய போனில் பழைய படம் ஒன்றைத் திறந்தால் முதலில் மங்கலாகத் தோன்றிப் பிறகுதான் தெளிவாகிறது. அப்படியானால் அங்கும் ஏதோ ஒரு சுருக்கம் நடக்கிறது என்றுதானே பொருள்? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் – கோப்புக்காவலர்

அந்தப் பொத்தானை இப்போதைக்கு அழுத்த வேண்டாம். முதலில், கூகுள் போட்டோஸ் செயலியில் உங்கள் முகப்புப் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸுக்குள் பேக்கப் என்ற பகுதியில் பேக்கப் தரம் எதுவாக இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் கேள்விக்கான விடை அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. ‘ஒரிஜினல் குவாலிட்டி’ என்று இருந்தால், போனில் உள்ள கோப்பு எவ்வித மாற்றமும் இல்லாமல் ஏற்றப்பட்டிருக்கும். ‘ஸ்டோரேஜ் சேவர்’ என்று இருந்தால், 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்கள் எல்லாம் 16 மெகாபிக்சலுக்குக் குறைக்கப்பட்டே சேமிக்கப்படும். உங்கள் 8,160 பிக்சல் அகலப் படம் அங்கே சுமார் 4,600 பிக்சல் அகலமாகிவிடும். மொத்தப் பிக்சல்களில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். சில நாடுகளில் ‘எக்ஸ்பிரஸ்’ என்ற மூன்றாவது தரமும் உண்டு. அது 3 மெகாபிக்சலோடு நின்றுவிடும் என்பதால், உங்களைப் போன்றவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 2015இல் கூகுள் போட்டோஸ் தொடங்கப்பட்டபோது, ‘ஹை குவாலிட்டி’ என்ற பெயரில் எத்தனை படங்களை வேண்டுமானாலும் இலவசமாக ஏற்றலாம் என்று அறிவித்திருந்தார்கள். அதற்கு ஈடாகப் படங்கள் 16 மெகாபிக்சலுக்கும், வீடியோக்கள் 1080பிக்கும் குறைக்கப்பட்டன. அந்த நாட்களில் பெரும்பாலான போன்கள் 12, 13 மெகாபிக்சல் படங்களையே எடுத்ததால், அளவு குறைவதை யாரும் உணரவில்லை. 2021 ஜூன் 1 முதல் அந்த இலவசம் நின்றது. அதே தரத்துக்கு ‘ஸ்டோரேஜ் சேவர்’ என்று பெயர் மாற்றினார்கள். இப்போது எந்தத் தரத்தில் ஏற்றினாலும், ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொதுவான 15 ஜி.பி.யில்தான் அது கணக்காகிறது. உங்கள் 15 எம்.பி. படங்களை ஒரிஜினல் தரத்தில் ஏற்றினால், மின்னஞ்சல் ஒன்றுகூட இல்லாத கணக்கிலேயே சுமார் ஆயிரம் படங்களுக்குள் இடம் நிறைந்துவிடும். ஆகவே பலர் ஸ்டோரேஜ் சேவரைத் தேர்ந்துகொள்வதில் வியப்பில்லை. போன் வாங்கிய புதிதில், கேட்ட கேள்விக்கெல்லாம் ‘சரி’ என்று அழுத்திக்கொண்டு போகும் அவசரத்தில் அதைத் தேர்ந்தவர்களும் உண்டு.

ஏற்கெனவே ஏற்றப்பட்ட படங்களின் நிலையை அறிய, ஒரு படத்தைத் திறந்து மேல்நோக்கித் தள்ளினால் வரும் விவரப் பகுதியைப் பாருங்கள். மெகாபிக்சல், அகல உயரம் ஆகியவற்றோடு, பேக்கப் ஆன கோப்பின் எடையும், எந்தத் தரத்தில் ஏறியது என்பதும் அங்கே எழுதியிருக்கும். ஒன்றை மட்டும் பார்த்து எல்லாவற்றுக்கும் முடிவு கட்டிவிடாதீர்கள். தர அமைப்பை இடையில் மாற்றினால், அது அதற்குப் பிறகு ஏறும் படங்களுக்கே பொருந்தும்; முன்பு சுருங்கி ஏறியவை சுருங்கியபடியேதான் இருக்கும்.

இனி, பிக்சல் எண்ணிக்கையைவிட அதிகமாக நான் வலியுறுத்த விரும்புவது வேறொன்று. ஸ்டோரேஜ் சேவரில் 12 மெகாபிக்சல் படம் ஒன்றை ஏற்றினால், இறக்கிப் பார்க்கும்போதும் அதே 12 மெகாபிக்சலாகத்தான் இருக்கும். அதைக் கண்டு பலர், எதுவும் குறையவில்லை என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் கோப்பின் எடை குறைந்திருக்கும், ஏனெனில் படம் மறுபடியும் அமுக்கப்பட்டிருக்கிறது. ஜேபெக் முறை ஒரு படத்தை 8க்கு 8 பிக்சல் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய ஒளி வேறுபாடுகளைக் கழித்துவிட்டு, எஞ்சியதை மட்டும் எழுதி வைக்கிறது. வண்ண விவரங்களையும் பெரும்பாலும் பாதி அளவுக்குக் குறைத்தே வைக்கிறது. ஒரு குழந்தையின் முகத்திலோ கடற்கரைக் காட்சியிலோ இந்தக் கழிவு தெரியாது. கல்வெட்டில் நிலைமை வேறு. அங்கே எழுத்தும் ஒரே கல், பின்புலமும் அதே கல்; நிறத்தில் வேறுபாடு இல்லை. குழிவின் ஓரத்தில் விழும் மெல்லிய நிழல் ஒன்றுதான் எழுத்தைக் காட்டிக்கொடுக்கிறது. அமுக்கும்போது முதலில் பலியாவது அத்தகைய மங்கலான வேறுபாடுதான். தேய்ந்த வரிகளைப் பெரிதாக்கிப் பார்த்தால் கருங்கல்லின் பொரிவுகள் மெழுகியதுபோல் சமமாகி, இடையிடையே சதுரச் சதுரமான திட்டுகள் தோன்றும். அந்தத் திட்டின் விளிம்பையே உளிக்கோடு என்று நினைத்துவிட இடமிருக்கிறது.

ஆகவே உங்கள் தேவைக்கு ஒரிஜினல் தரம்தான் ஏற்றது. இடத்தை மீட்பதாகச் சொல்லும் இன்னொரு வசதியும் கூகுள் போட்டோஸில் இருக்கிறது; அது ஒரிஜினலாக ஏறியிருப்பவற்றையும் ஸ்டோரேஜ் சேவராக மாற்றிவிடும். மாற்றியபின் திரும்பப் பெற வழியில்லை. நீங்கள் குறிப்பிட்ட பொத்தானோடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பதில் – தாழ்வாரம்

ஐபோன் நண்பர் சொல்வது சரியே. நீங்கள் கவனித்ததும் சரியே. ஐகிளவுட் போட்டோஸில் தரத்தைத் தேர்ந்துகொள்ளும் அமைப்பே கிடையாது. எடுத்த படம் எந்த வடிவத்தில், எந்த அளவில் இருந்ததோ அப்படியே கிளவுடுக்குப் போகிறது. சுருங்குவது போனில் இருக்கும் பிரதிதான். ‘ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்’ என்ற அமைப்பை வைத்திருந்தால், போனில் இடம் குறையும்போது முழுக் கோப்பு கிளவுடில் மட்டும் இருக்க, போனில் ஒரு சிறிய பிரதி தங்கிவிடும். படத்தைத் திறந்தவுடன் முதலில் அந்தச் சிறிய பிரதி தெரிகிறது; இணையத்தின் வழியே மூலக்கோப்பு இறங்கியதும் தெளிவாகிறது. எல்லா மூலங்களும் போனிலேயே இருக்க வேண்டுமென்றால் ‘டவுன்லோட் அண்ட் கீப் ஒரிஜினல்ஸ்’ என்பதைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அதற்குப் போனில் இடம் இருக்க வேண்டும் என்பது வேறு கதை.

ஆனால் ஆப்பிள் பக்கத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது, குழுவாக வேலை செய்பவர்கள் அதில்தான் பெரும்பாலும் விழுகிறார்கள். ‘ஷேர்டு ஆல்பம்’ என்ற பெயரில் நண்பர்களோடு பகிரும் ஆல்பத்தில் இடப்படும் படங்கள், நீளமான பக்கம் 2,048 பிக்சல் என்ற அளவுக்குக் குறைக்கப்படுகின்றன. பகிர்ந்தவரின் சொந்தத் தொகுப்பில் மூலம் பத்திரமாக இருக்கும். பெற்றுக்கொண்டவர்கள் கையில் இருப்பது சிறிய பிரதி மட்டுமே. ஐஓஎஸ் 16இல் வந்த ‘ஷேர்டு லைப்ரரி’ இதிலிருந்து வேறுபட்டது. அதில் மூலங்கள் முழு அளவிலேயே பகிரப்படுகின்றன, ஆனால் ஆறு பேருக்கு மேல் சேர முடியாது.

ஐகிளவுடிலிருந்து கணினிக்கு இறக்கும்போது இணையதளத்திலேயே கூடுதல் பதிவிறக்கத் தெரிவுகள் உண்டு. அங்கே திருத்தம் செய்யாத மூலத்தை, அதாவது ‘அன்மாடிஃபைட் ஒரிஜினல்’ என்பதைக் கேட்டு வாங்குங்கள். ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ என்பதைத் தேர்ந்தால், ஹைக் (HEIC) எனப்படும் ஐபோனின் வழக்கமான படவடிவக் கோப்புகள் ஜேபெக்காக மாற்றப்பட்டு வரும். அது மேலே கோப்புக்காவலர் விளக்கிய மறு அமுக்கத்துக்கு இன்னொரு வாசல். இலவச இடம் 5 ஜி.பி. மட்டுமே. புரோரா (ProRAW) என்ற, அதிக விவரங்களோடு சேமிக்கும் ஐபோன் வடிவத்தில் 48 மெகாபிக்சல் படம் ஒன்றே சுமார் 75 எம்.பி. பிடிக்கும் என்பதால், அந்த நிலையில் எடுப்பவர்களுக்கு இலவசக் கணக்கு ஒரே கோயிலோடு முடிந்துவிடும்.

பதில் – மைப்படி

மேலே உள்ள தகவல்களில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் 50 மெகாபிக்சல் என்ற எண்ணுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்க வேண்டுமா என்பதில் எனக்கு ஐயம் இருக்கிறது. இன்றைய 50 மெகாபிக்சல் போன் கேமராக்கள் பலவற்றில், அருகருகே உள்ள நான்கு பிக்சல்களுக்கு மேல் ஒரே நிற வடிகட்டி இருக்கிறது. வழக்கமான நிலையில் அந்த நான்கையும் ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் போன் தருகிறது. 50 நிலையில் வைத்தால், இடையில் உள்ள விவரங்களில் ஒரு பங்கை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. நல்ல வெளிச்சத்தில் சிறிது நன்மை உண்டுதான், ஆனால் நான்கு மடங்கு விவரம் கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொள்ளக் கூடாது. மண்டபத்தின் உள்ளே, மங்கிய ஒளியில், வழக்கமான நிலையே சில நேரங்களில் தூய்மையான படத்தைத் தரும்.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐந்து மீட்டர் அகலச் சுவர் ஒரே படத்தில் அடங்கினால், 8,160 பிக்சல் படத்தில் ஒரு பிக்சல் கல்லின் மேல் சுமார் 0.6 மி.மீ. இடத்தைக் குறிக்கும். ஸ்டோரேஜ் சேவரில் 4,600 ஆகக் குறைந்தால் அது 1.1 மி.மீ. ஆகும். 1,600 பிக்சல் அகலத்துக்குச் சுருங்கிய பிரதியில் 3 மி.மீ.யைத் தாண்டிவிடும். எழுத்தின் கோடே சில மில்லிமீட்டர்தான் என்னும்போது, கடைசியாகச் சொன்ன பிரதியில் ஒரு கோட்டுக்கு ஒரு பிக்சல்தான் மிஞ்சுகிறது. அதில் வாசிப்பது ஊகமே. முதல் இரண்டிலும் வாசிப்புக்கு இடமிருக்கிறது. அதே சுவரில் ஒரு மீட்டர் அகலத்தை மட்டும் நெருங்கி எடுத்தால், 4,600 பிக்சலிலேயே ஒரு பிக்சலுக்கு 0.2 மி.மீ. கிடைத்துவிடும். ஆகவே சுவரைப் பகுதி பகுதியாக, ஒன்றன்மேல் ஒன்று சிறிது படியும்படி எடுத்துக்கொண்டால், கிளவுட் குறைத்தாலும் தாங்கும்.

அதைவிடவும் முக்கியமானது ஒளி. நேர் எதிரே நின்று போனின் பிளாஷைப் போட்டு எடுத்த 50 மெகாபிக்சல் படத்தைவிட, பக்கவாட்டில் சாய்வாக விழும் வெளிச்சத்தில் எடுத்த 12 மெகாபிக்சல் படம் அதிகம் பேசும். காகிதத்தை ஒற்றி மைப்படி எடுத்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. அவர்கள் நாடுவதும் குழிவின் எல்லையைத்தான், கல்லின் நிறத்தையல்ல.

சுவரெழுத்து

மூவருக்கும் நன்றி. விவரப் பகுதியைப் பார்த்தேன். உத்திரமேரூர்ப் படங்கள் எல்லாம் ஸ்டோரேஜ் சேவர் என்றே காட்டுகின்றன. மூலங்கள் இன்னும் போனில் இருப்பதால் இழப்பு ஒன்றுமில்லை. மைப்படி அவர்களின் கணக்கு மிகவும் உதவியாக இருந்தது. எனினும் அந்தச் சுவர் முழுவதும் தெரியும் படங்களுக்கு மூலத்தையே வைத்திருக்க விரும்புகிறேன், ஏனெனில் எந்த வரியை நெருங்கி எடுக்காமல் விட்டோம் என்பது பிறகுதான் தெரியவருகிறது. கோப்புக்காவலர் ஐயா, ஒரிஜினல் தரம் என்று திரையில் எழுதியிருப்பதை நம்புவதைத் தவிர, நாமே சோதித்து அறிய வழி ஏதும் உண்டா?

கோப்புக்காவலர்

உண்டு, எளிதும்கூட. தரத்தை ஒரிஜினலுக்கு மாற்றியபின், புதிதாக ஒரு படம் எடுங்கள். அது ஏறுவதற்கு முன்போ பின்போ, கேபிள் வழியாகக் கணினிக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏறி முடிந்ததும், கணினியின் உலாவியில் கூகுள் போட்டோஸ் தளத்தைத் திறந்து அதே படத்தைப் பதிவிறக்குங்கள். இப்போது இரண்டு கோப்புகள் கையில் இருக்கும். இரண்டுக்கும் எஸ்எச்ஏ-256 என்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டுப் பாருங்கள். விண்டோஸில் சர்ட்யூட்டில் (certutil) என்ற கட்டளையும், மேக்கில் ஷாசம் (shasum) என்ற கட்டளையும் இதற்காகவே உள்ளன. இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தால், கோப்பில் ஒரு பைட்கூட மாறவில்லை. வேறுபட்டால், உடனே தரம் குறைந்துவிட்டதாக முடிவு செய்ய வேண்டாம். கோப்புக்குள் இருக்கும் தேதி, இடம் போன்ற குறிப்புகளில் ஒன்று மாறினாலும் எண் முழுவதும் மாறிவிடும். அப்போது கோப்பின் எடையையும் அகல உயரத்தையும் ஒப்பிடுங்கள். 15 எம்.பி. கோப்பு 4 எம்.பி.யாக இறங்கியிருந்தால் ஐயத்துக்கு இடமில்லை.

சோதிக்கும் படத்தில் செயலிக்குள் எந்தத் திருத்தமும் செய்யாதீர்கள். ஒளியைச் சற்றுக் கூட்டியிருந்தால்கூட, இறங்குவது திருத்திய புதிய பிரதியாக இருக்கக்கூடும்.

முன்பே சுருங்கி ஏறிய உத்திரமேரூர்ப் படங்களுக்கு என் யோசனை இது: மூலங்களை ஒரு கோப்புறையாகக் கணினிக்கு மாற்றி, அதைக் கூகுள் டிரைவில் கோப்புகளாகவே ஏற்றிவிடுங்கள். டிரைவ் அவற்றைப் படங்களாகக் கருதிச் சுருக்குவதில்லை. கொடுத்த கோப்பை அப்படியே வைத்திருக்கும். டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் போன்றவற்றிலும் கணினியிலிருந்து கோப்பாக ஏற்றினால் அப்படித்தான். கூகுள் போட்டோஸில் உள்ள சிறிய பிரதிகளைத் தேடிப் பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளலாம். கூடவே ஒரு ஹார்டு டிஸ்க்கிலும் பிரதி இருக்கட்டும், ஏனெனில் இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாமல் விட்ட கணக்கின் உள்ளடக்கத்தை நீக்கும் உரிமையைக் கூகுள் தன் விதிகளில் வைத்துக்கொண்டிருக்கிறது.

பதில் – ஓலைச்சுவடி

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மைப்படி அவர்கள் சொன்ன 1,600 பிக்சல் பிரதி எங்கிருந்து வருகிறது என்பதைக் குழுவினர் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டும். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால், அது ஏறத்தாழ அந்த அளவுக்குத்தான் சுருங்கிப் போய்ச் சேருகிறது. 2023இல் வந்த எச்டி தெரிவு அதைவிடப் பெரிய படத்தை அனுப்பும்; ஆனால் அதுவும் மூலம் அன்று. எடுத்த நாள், இடம், கேமரா விவரம் ஆகிய உட்குறிப்புகளும் வழியில் உதிர்ந்துவிடுகின்றன. எந்தக் கோயிலின் எந்தச் சுவர் என்று பின்னாளில் தேடுபவர்களுக்கு இது தெளிவுத்திறன் இழப்பைவிடப் பெரிய இழப்பு. வாட்ஸப்பிலேயே அனுப்பியாக வேண்டும் என்றால், படத்தெரிவைத் தவிர்த்து ‘டாக்குமெண்ட்’ என்ற வழியாக இணைத்து அனுப்புங்கள்; 2 ஜி.பி. வரையிலான கோப்பு மாறாமல் போகும். இல்லையென்றால், டிரைவில் வைத்த கோப்புறையின் இணைப்பை மட்டும் குழுவில் இட்டுவிட்டு, இறக்குபவர்கள் அங்கிருந்தே இறக்கிக்கொள்ளும்படி சொல்லிவிடுங்கள்.